புத்தகக் கிரேக்கமும் வகுப்பறைக் கிரேக்கமும்: கிளிநொச்சி ஆயத்த வகுப்பு ஒன்றின் மதிப்பீடு

சைப்பிரஸுக்குப் படிக்கப் போகிறவர்களுக்காகக் கிளிநொச்சி நகரில் நடத்தப்படும் கிரேக்க மொழி ஆயத்த வகுப்பு ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். அந்த வகுப்பில் படித்துவிட்டு, சைப்பிரஸின் தலைநகரான நிக்கோசியாவில் ஆரம்பக்கல்விப் பயிற்சி ஆசிரியராக ஒரு கல்வியாண்டைக் கழித்தவள் என்ற முறையில், அங்கே சொல்லித்தந்தவற்றில் எவை கைகொடுத்தன, எவை கொப்பியிலேயே கிடந்தன என்று ஓரளவு நிதானமாகச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இத்தகைய வகுப்பு எந்த ஊரில் நடந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

வகுப்பு நடப்பது ஏ9 வீதியோரத்தில் ஒரு கொமினிகேசன் கடையின் மேல்மாடியில். தகரக் கூரை, பங்குனி, சித்திரையில் பிற்பகல் மூன்று மணிக்கு அதன் கீழ் இருந்து வினைச்சொற்களின் விகுதிகளை மனப்பாடம் செய்வது இலேசான காரியமல்ல. மின்விசிறிகள் இருக்கின்றன, ஆனால் அவற்றின் இரைச்சலில் பின்வரிசைக்கு ஆசிரியரின் உச்சரிப்புக் கேட்பதில்லை; உச்சரிப்பே பாடமாக இருக்கும் இடத்தில் இது சிறிய குறையல்ல. முழங்காவில், விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து வருகிறவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க முன்கூட்டியே எழுந்து போவதால், மாலை வகுப்பின் கடைசிப் பகுதி எப்போதும் அரைகுறையாகவே முடியும். நேரத்தை மாற்றும்படி பலர் கேட்டும் நிர்வாகம் அசையவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எழுத்துகளைக் கற்பிக்கும் சேரின் முறை, நான் எந்த மொழி வகுப்பிலும் கண்ட முறைகளில் சிறந்தது. கிரேக்க நெடுங்கணக்கில் 24 எழுத்துகளே உள்ளன. ஆனால் ஆங்கிலம் படித்த கண்ணுக்கு அவற்றில் பாதி பொறியாக அமைகின்றன, ஏனெனில் தெரிந்த உருவம் தெரியாத ஒலியைத் தருகிறது. சேர் ஆங்கிலத்தின் பக்கமே போகாமல் தமிழிலிருந்து தொடங்கினார். கிரேக்கர்கள் இன்று ‘பஸ்’ என்ற சொல்லின் முதல் ஒலியைத் தனி எழுத்தால் எழுதுவதில்லை. மி என்ற எழுத்தையும் பி என்ற எழுத்தையும் சேர்த்து எழுதுகிறார்கள். நாம் ‘கம்பு’ என்று எழுதும்போது மகரத்துக்குப் பின் வரும் பகரம் தானாகவே மெலிந்து ஒலிப்பதைச் சுட்டிக்காட்டி, அதே கதைதான் இது என்றார். ‘பந்து’வில் வரும் தகரத்தைப் போல நியும் தாஃபும் சேர்வதும், ‘தங்க’த்தில் வரும் ககரத்தைப் போல காமாவும் காப்பாவும் சேர்வதும் அப்படியே விளங்கிவிட்டன. ‘அது’ என்னும்போது நாக்கு நிற்கும் இடத்தில்தான் தெல்தா நிற்கிறது என்று அவர் சொன்னதும், ஆங்கில வழிப் பாடநூல்கள் ஒரு பக்கம் செலவழித்து விளக்கும் விடயம் ஒரே வரியில் முடிந்தது.

எழுத்துக்கூட்டுவது வேறு சிரமம். ‘இ’ என்ற ஒரே ஒலியை இத்தா, யோத்தா, இப்சிலோன் என்ற மூன்று எழுத்துகளும், அவை போதாதென்று சில எழுத்துச் சேர்க்கைகளும் தருகின்றன. ஆகவே வாசிப்பவருக்கு மயக்கம் இல்லை, எழுதுபவருக்குத்தான் தலையிடி. பழைய காலத்து உச்சரிப்புக் குறிகளை 1982 இல் கைவிட்டு ஒரே அழுத்தக் குறியோடு நின்றுகொண்டார்கள் என்பது நமது அதிர்ஷ்டம். கேள்விக்குறிக்குப் பதிலாக அரைப்புள்ளி இடுவார்கள் என்பதையும் சேர் முதல் கிழமையிலேயே சொல்லித்தந்தார். பிள்ளைகளின் கொப்பி திருத்தும் ஒருவருக்கு இது தெரியாவிட்டால் சரியானதையெல்லாம் பிழையென்று வெட்டிவிட நேரும். விமான நிலையத்தில் இறங்கிய நாளிலேயே பஸ்ஸின் நெற்றியில் இருந்த ஊர்ப்பெயரையும் மருந்துக்கடைப் பலகையையும் என்னால் வாசிக்க முடிந்ததென்றால் அது முழுக்க அந்த வகுப்பின் கொடை.

இரண்டாவது நல்ல விடயம், முதல் நாளே சுவரில் வரைபடத்தைத் தொங்கவிட்டு, தீவு இரண்டாகக் கிடப்பதை விளக்கியது. 2004 இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும், 2008 முதல் யூரோ புழங்குவதும், கிரேக்கம் பேசுவதும் தெற்கிலுள்ள சைப்பிரஸ் குடியரசு. 1974 இலிருந்து பிரிந்து கிடக்கும் வடபகுதியைத் துருக்கி மட்டுமே தனிநாடாக ஏற்றிருக்கிறது; அங்கே பேசுவது துருக்கிய மொழி, புழங்குவது லீரா. முகவர்களில் சிலர் ‘சைப்பிரஸ்’ என்று மட்டும் சொல்லிப் பணம் வாங்கி வடக்கிலுள்ள கல்வி நிறுவனங்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வடக்கு விமான நிலையத்தின் வழியாகத் தீவுக்குள் நுழைவதைக் குடியரசு சட்டபூர்வமான நுழைவாக ஏற்பதில்லை என்பதை அந்த மாணவர்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான் அறிகிறார்கள். எந்தப் பக்கம், எந்த நகரம், கற்பிக்கும் மொழி எது என்று அனுமதிக் கடிதத்தை விரித்துவைத்துப் பார்க்கச் சொன்ன அந்த ஒரு மணித்தியாலத்துக்காகவே இந்த நிறுவனத்துக்கு நான் நல்ல புள்ளி கொடுப்பேன். ஆவணங்களிலும் அவர்கள் ஒழுங்கு. பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு, பொலிஸ் நற்சான்று, மருத்துவப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றை எந்த வரிசையில் எடுக்கவேண்டும் என்பதையும், சான்றுறுதிக்காகக் கொழும்புவரை போய் அலையாமல் வெளிவிவகார அமைச்சின் யாழ்ப்பாணப் பிராந்திய கொன்சியூலர் அலுவலகத்திலேயே அலுவலை முடிக்கலாம் என்பதையும் தெளிவாகச் சொன்னார்கள். உதவிக்கென்று தனிக் காசு கேட்கவில்லை.

இனி, என் தொழிலுக்கு நேரடியாகத் தொடர்பான குறைக்கு வருகிறேன். வகுப்பில் நடத்தும் பாடநூல் ஏதென்ஸ் நகரத்துக் கிரேக்கத்தை வளர்ந்தவர்களுக்குக் கற்பிப்பதற்காக எழுதப்பட்டது. விடுதியில் அறை கேட்பது, உணவகத்தில் கணக்குக் கேட்பது, வங்கியில் கணக்குத் திறப்பது என்று உரையாடல்கள் எல்லாம் பெரியவர்கள் பெரியவர்களோடு பேசுவதாகவே அமைந்திருக்கின்றன. ஆகவே ஏவல் வினைகள் முழுவதும் மரியாதைப் பன்மையில் வந்தன. வகுப்பு முழுவதையும் பார்த்து ‘கதீஸ்தே’ என்று சொன்னால் எல்லாரும் அமர்வார்கள், அதில் குற்றமில்லை. ஆனால் தனியே நிற்கும் ஐந்தரை வயதுப் பிள்ளையிடம் அதையே சொன்னால், அது தனக்குப் பின்னால் வேறு யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கும். ஒருமைக்கு வேறு வடிவம், அதிலும் பேச்சில் புழங்கும் ‘காத்சே’ என்ற சுருக்கம் புத்தகத்தில் எந்த மூலையிலும் இல்லை. நம்மூரில் ‘நீ’க்கும் ‘நீங்கள்’க்கும் நடுவே ‘நீர்’ என்று ஒரு படி வைத்துப் பேசி வளர்ந்த நமக்கு இந்த நுணுக்கம் சொன்னால் உடனே பிடிபடும். சொல்லத்தான் ஆள் வேண்டும்.

ஆள் இருந்தார். அதுதான் இந்த மதிப்பீட்டை எழுதவைத்த காரணம். விளம்பரத் துண்டுப்பிரசுரத்தின் கடைசி வரியில் ‘உரையாடல் பயிற்சி’ என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும் சனிக்கிழமை வகுப்பை நடத்துபவர், லிமசோல் நகரில் ஒரு வீட்டில் பல ஆண்டுகள் பணிப்பெண்ணாக இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஓர் அக்கா. அவரிடம் புத்தகம் இல்லை. கிரேக்கத்தில் எழுதவும் வராது. ஒரு பிளாஸ்ரிக் கதிரையை முன்னால் இழுத்து வைத்து, அதில் பிள்ளை ஒன்று இருப்பதாக எண்ணிக்கொண்டு, சப்பாத்தைப் போடு, கையைக் கழுவு, மெல்ல மெல்ல, ஓடாதே, இங்கே வா என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அந்தக் கதிரையோடு சண்டைபிடித்துச் சமாதானமாகி முடிப்பார். வளாகப் படிப்புப் படித்த சிலர் இதைப் பார்த்துச் சிரித்ததும் உண்டு, சனிக்கிழமை வராமலே விட்டதும் உண்டு. நிர்வாகமும் அவருக்குரிய மணித்தியாலத்தைக் கண்டபடி வெட்டியது: சேருக்குப் பாடம் முடியாவிட்டால் சனிக்கிழமையில்தான் கைவைப்பார்கள்.

நிக்கோசியாவில் ஓர் ஆரம்பப் பாடசாலையின் முதலாம் வகுப்பில் நான் போய் நின்றபோது கேட்டது அக்காவின் கிரேக்கம். பிள்ளைகள் பேசுவது சைப்பிரஸ் கிளைமொழி. ஏதென்ஸில் ‘கே’ என்று ஒலிக்கும் உம்மைச் சொல் இங்கே ‘ஜே’ என்று ஒலிக்கும். எதிர்காலம் காட்டும் ‘தா’ என்ற இடைச்சொல் இங்கே ‘என்னா’ ஆகும். ‘இங்கே’ என்பதற்கு ‘தமே’. இவை ஒவ்வொன்றையும் அக்கா தன்னையறியாமலே எங்களுக்குப் பழக்கியிருந்தார். இன்னொரு வசதி நமக்கே உரியது. ஏதென்ஸ்காரர் எழுத்தில் இரட்டித்து வரும் மெய்யையும் ஒற்றையாகவே ஒலிக்கிறார். சைப்பிரஸ்காரர் அதை இரட்டித்தே ஒலிக்கிறார். ‘மிகவும்’ என்ற பொருளில் அவர்கள் சொல்லும் ‘பொல்லா’வில் லகரம் நன்றாக அழுந்தும். பலியையும் பல்லியையும் வேறுவேறாகக் கேட்டுப் பழகிய காதுக்கு இது சிரமமே அல்ல. என்னோடு படித்த ஐரோப்பிய மாணவர்கள் சிலர் இந்த வேறுபாட்டைக் கேட்கவே சிரமப்பட்டார்கள்.

அக்கா கற்பித்தவற்றில் மிகவும் பயன்பட்டது சொல்லே அல்ல. ‘இல்லை’ என்பதற்குச் சைப்பிரஸ்காரர் தலையை இடம் வலமாக ஆட்டுவதைவிட, புருவத்தை உயர்த்தித் தலையைச் சற்றே பின்னால் எறிந்து, நாக்கால் ‘ச்’ என்று ஒரு சத்தம் போடுவதே வழக்கம். நாமோ ‘ஓம்’ என்பதற்குத் தலையைத் தோளுக்குத் தோள் அசைப்பவர்கள். பிள்ளை வந்து தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று கேட்கும்போது ஆசிரியர் இப்படித் தலையசைத்தால் அது போவதா நிற்பதா என்று தெரியாமல் வாசலிலேயே நிற்கும். அக்கா எங்கள் ஒவ்வொருவரையும் எழுப்பி, தாடையில் விரலை வைத்து, தலையை நேரே குனிந்து ஓமென்றும் பின்னால் எறிந்து இல்லையென்றும் சொல்லப் பழக்கியிருந்தார். அப்போது விளையாட்டாகத்தான் இருந்தது.

இதிலிருந்து புத்தகக் கிரேக்கம் தேவையில்லை என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. பாடசாலையில் பாடம் நடத்தும் மொழி பொதுக்கிரேக்கம். அதிபரிடமும் பெற்றோரிடமும் மரியாதைப் பன்மையிலேயே பேசவேண்டும். அங்கே வீட்டுப் பேச்சைக் கொட்டினால் முகஞ்சுளிப்பார்கள். பிள்ளை கிளைமொழியில் சொன்ன பதிலை ஆசிரியர் கடிந்துகொள்ளாமல் பொதுமொழியில் திருப்பிச் சொல்லிப் பலகையில் எழுதுவதை நான் நாள்தோறும் பார்த்தேன். புதுக்குடியிருப்புப் பிள்ளை ‘வாறன்’ என்று சொல்ல, ரீச்சர் ‘வருகிறேன்’ என்று எழுதுவதும் இதே வேலைதான். வன்னியில் முன்பள்ளியிலோ ஆரம்பப் பிரிவிலோ சிறிது காலம் கற்பித்த எவருக்கும் இந்த இரட்டை நடை பழகிய ஒன்று. சேரும் அக்காவும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் நின்று, ஒரே வாக்கியத்தை இருவிதமாகச் சொல்லிக் காட்டும் ஒரு வகுப்பை நடத்தினால், ஆசிரியத் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல ஆயத்தம் இல்லை. ஆளும் உண்டு, அறையும் உண்டு. கருத்துப் படிவத்தில் இதை எழுதிக் கொடுத்தேன், பதில் வரவில்லை.

பாடசாலை நடைமுறை பற்றி வகுப்பில் சொல்லப்பட்டது மிகக் கொஞ்சம். காலை 7.45க்குப் பாடசாலை தொடங்கி மதியம் ஒரு மணி கடந்ததும் முடிகிறது; காலையில் பிரார்த்தனை உண்டு; பிள்ளைகள் ஆசிரியையை ‘கிரியா’ என்று விளித்துப் பெயரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். இவ்வளவில் நம் பள்ளிக்கூடத்துக்குப் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் கொப்பி அட்டைகளிலும் சுவர்களிலும் ‘மறக்கமாட்டேன்’ என்று பொருள்படும் ‘தென் க்செக்னோ’ என்ற வாசகத்தோடு வடக்கில் விட்டுவந்த ஊர்களின் படங்கள் இருப்பதையும், 1974 இல் இடம்பெயர்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அந்த வகுப்பில் இருக்கக்கூடும் என்பதையும் முன்னரே சொல்லியிருக்கவேண்டும். நகரின் நடுவே லெத்ரா வீதியில் 2008 இல் திறக்கப்பட்ட கடவையில், இரண்டு பக்கமும் கடவுச்சீட்டைக் காட்டி, இடையில் ஐக்கிய நாடுகள் சபையின் கண்காணிப்பிலுள்ள துண்டு நிலத்தை நடந்து கடக்கும்போது, ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பொதிகளோடு வரிசையில் நின்ற எந்த வன்னிக்காரருக்கும் ஒன்றும் தோன்றாமல் இருக்காது. அதனாலேயே ஒரு வார்த்தை: ஆசிரியர் அறையில் நம் கதையை நாமாக முந்திக்கொண்டு அவர்களுடைய கதையோடு ஒப்பிடாமல் இருப்பது நல்லது. கேட்டால் சொல்லலாம், பெரும்பாலும் கேட்பார்கள்.

கொண்டுபோகவேண்டியவை என்று வகுப்பில் தந்த பொருள் பட்டியல் பாதி சரி, பாதி பிழை. உணவுப் பகுதியை எழுதியவர் விடயம் தெரிந்தவர். இறைச்சியும் பால் பொருள்களும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணப் பொதியில் கொண்டுபோகத் தடை என்பதால் நெய்யையும் பால்மாவையும் வெட்டிவிட்டிருந்தார். கருவாடு 20 கிலோ வரை போகலாம் என்பதால் அதை விட்டிருந்தார். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும் என்பதால் உலர்த்தித் தூளாக்கச் சொல்லியிருந்தார். எல்லாம் சரி. மறுபக்கத்தில், இரண்டு முள் பிளக்குக்கான அடப்ரர் வாங்கச் சொன்னது வீண் செலவு: பிரித்தானியர் ஆண்ட தீவு அது, வாகனம் இடப்பக்கம் ஓடுவதைப் போலவே சுவரில் இருப்பதும் நம் சதுர மூன்று முள் பிளக்தான். ‘வெப்ப நாடு, குளிருடை தேவையில்லை’ என்ற வரி அதைவிட மோசம். கோடையில் நிக்கோசியா 40 பாகை செல்சியஸைத் தாண்டும், உண்மை. தை மாத இரவில் 5 பாகைக்கு இறங்கும் என்பதும் உண்மை. மாணவர்கள் வாடகைக்கு எடுக்கும் பழைய வீடுகள் பலவற்றில் சூடாக்கும் ஏற்பாடு ஒழுங்காக இருப்பதில்லை, தரை ஓடோ பனிக்கட்டி. கம்பளிக் காலுறையும் ஒரு தடித்த சுவெற்றரும் இங்கிருந்தே கொண்டுபோகவேண்டியவை.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் பயமுறுத்தினார்கள், தேவையே இல்லை. ‘லூவி’ என்று அவர்கள் அவித்து ஒலிவெண்ணெயும் தேசிப்புளியும் விட்டுத் தரும் உணவு நம் கௌபியேதான். ‘கொலொகாசி’ சந்தையில் குவிந்து கிடக்கும் சேப்பங்கிழங்கு. மைசூர்ப் பருப்பும் கொத்தமல்லியும் எங்கும் கிடைக்கும். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நோன்பு நாள்களில் இறைச்சியும் பாலும் சேராத உணவைப் பல கடைகளில் தனியாகக் குறித்து வைப்பதால், கணவாயும் இறாலும் சேராததைப் பார்த்து எடுத்தால் சைவக்காரர் அந்த வாரங்களில் நிம்மதியாகச் சாப்பிடலாம். வறுத்த மிளகாய்த்தூள் மட்டும் ஊரிலிருந்தே போகவேண்டும்.

துண்டுப்பிரசுரத்தில் உள்ள ‘படித்துக்கொண்டே உழைக்கலாம்’ என்ற வாசகத்தை எடுத்துவிடவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர் வேலை செய்வதற்கு மணித்தியால வரம்பும் தொழில் வரம்பும் உண்டு. பயிற்சி ஆசிரியருக்கோ காலை முழுவதும் பாடசாலை, பிற்பகல் விரிவுரை, இரவு பாடக்குறிப்பு. உழைத்துக் கட்டணம் கட்டலாம் என்ற கணக்கில் காணியை ஈடுவைத்துப் புறப்படுகிறவர் முதல் தவணையிலேயே திணறிப்போவார். வகுப்பில் இதைக் கேட்டால் நேர்மையாகவே பதில் சொல்கிறார்கள், ஆனால் பிரசுரம் முன்புபோலவே அச்சாகிக்கொண்டிருக்கிறது.

ஆரம்பக்கல்விக்கோ முன்பள்ளிப் பயிற்சிக்கோ போகிறவர்கள் இங்கே சேரலாம், ஆனால் கடைசி நேரத்தில் வேண்டாம். அங்கே கல்வியாண்டு செப்டெம்பரில் தொடங்குவதால் தை மாதத்திலாவது வகுப்பில் இருக்கவேண்டும். சித்திரைக்குப் பிறகு வருகிறவர்களுக்கு எழுத்தும் நிகழ்காலமும் முடிவதற்குள் விசா அலுவல் வந்துவிடுகிறது. முன்வரிசையில், மின்விசிறிக்குத் தள்ளி இடம்பிடியுங்கள். பணம் கட்டும்போது சனிக்கிழமை வகுப்பு வெட்டப்பட்டால் அதற்கு ஈடான நேரம் தரப்படும் என்று பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வாங்குங்கள். நான் திரும்பி வந்து விசாரித்தபோது இப்போதைய மாணவர்கள் இருவர் அப்படி எழுதி வாங்கியிருந்தார்கள், அவர்களுக்கு அந்த நேரம் கிடைத்துமிருக்கிறது. ஏற்கெனவே வேறெங்காவது எழுத்தும் இலக்கணமும் படித்துவிட்டவர்கள் முழுக் கட்டணம் கட்டவேண்டியதில்லை: அக்காவின் வகுப்புக்கு மட்டும் தனியாகச் சேர முடியும், பிரசுரத்தில் அதைப் போடவில்லை, கவுண்டரில் கேட்டால் சொல்வார்கள்.